வாசலில் கழற்றிய செருப்பு

முன்பின் தெரியாத ஒருவர் போனில் ‘நல்லா இருக்கீங்களா சார்?’ என்று ஆரம்பித்தால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். நான் நல்லா இருந்தால் இவருக்கு என்ன, நாசமாய்ப் போனால் இவருக்கு என்ன? முப்பது வருஷம் சினிமாக்காரர்களுக்கு வீடு, காடு, குளம், மாட்டுக்கொட்டகை எல்லாம் பிடித்துக் கொடுத்தவன் நான். புதுக்கோட்டை ஜில்லாவில் எந்தத் தோப்பில் எத்தனை மணிக்கு வெயில் எப்படி விழும் என்று கேளுங்கள், சொல்கிறேன். யாரை நம்பலாம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

போன தை மாதம் அப்படி ஒரு போன் வந்தது. பேசியது ஒரு பெண்.

“ஆத்மநாதன் சாருங்களா? நல்லா இருக்கீங்களா சார்? எம் பேரு கார்த்திகா. சென்னையிலேர்ந்து பேசுறேன். சாக்குமூஞ்சி படத்த மறுபடி ஆரம்பிக்கிறோம் சார். நாலாவது பாகம். நாந்தான் டைரக்டர்.”

போனை வைத்துவிடலாமா என்று பார்த்தேன்.

சாக்குமூஞ்சி தெரியுமல்லவா? தலையில் சாக்கு, கையில் அரிவாள், வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசமாட்டான். 2005-இல் ஆதனக்கோட்டைப் பக்கம் ஒரு முந்திரிக்காட்டில் பதினெட்டே நாளில் எடுத்த படம். பகலில் எடுத்து, நீலக் கலரைப் பூசி, ராத்திரி என்று ஜனங்களின் காதில் பூச்சுற்றினோம். படம் ஓடிவிட்டது. மறுவருஷம் இரண்டாம் பாகம். 2008-இல் ஜெகதாப்பட்டினத்தில் மூடிக்கிடந்த ஓர் ஐஸ் கம்பெனியைப் பிடித்து மூன்றாம் பாகம். அதோடு சரி. டைரக்டர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். தயாரிப்பாளர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று அவர் சொந்தக்காரர்களுக்கே தெரியாது.

பதினேழு வருஷம் கழித்து அதைக் கிளப்பிவிட்டது ஒரு ஜோடிச் செருப்பு. சாக்குமூஞ்சி கொலை செய்யப் போகிற வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைவான். வேறு எந்தக் கொலைகாரனுக்கும் இந்த மரியாதை கிடையாது. இப்போது காலேஜ் பிள்ளைகள் எந்த வாசலில் செருப்பு கிடந்தாலும் போட்டோ எடுத்து, ‘உள்ளே இருக்கான்’ என்று எழுதி அனுப்பிக்கொள்கிறார்கள். என் போனுக்கே நாலு வந்தது. நான் அழித்துவிட்டேன்.

“பழைய ஆளே வேணும் சார்” என்றாள் கார்த்திகா. “சாக்குக்குள்ள இருந்தவரு. மூணாவது பாகத்து டைட்டில்ல கண்ணன்னு பேரு வருது. அவர உங்களுக்குத் தெரியுமா?”

தெரியுமாவா! கண்ணன் என் மனைவி பிரகதாம்பாளின் கூடப்பிறந்த தம்பி. டவுனில் ‘சாக்குமூஞ்சி டூவீலர் ஒர்க்ஸ்’ வைத்திருக்கிறான். போர்டில் சாக்குப் படம் போட்டிருக்கிறான். பொங்கல் விளையாட்டு விழாவுக்குக் கூப்பிட்டால் சாக்கைப் போட்டுக்கொண்டு போய்ப் பரிசு கொடுத்துவிட்டு வருவான்.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாக்குக்குள் இருந்தது கண்ணன் இல்லை. ஆவூர் ஜெபமாலையம்மாள்.

ஜெபமாலை அப்போது புதுக்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மிளகாய் மண்டியில் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். இன்றைக்கும் அங்கேதான் கிள்ளுகிறாள். ஆறடிக்கு இரண்டு விரற்கடை குறைவு. நடந்து வந்தால் ஆம்பளைகள் தானாக ஓரம் போவார்கள். படத்தில் ஊரைவிட்டு ஓடுகிற ஜனக்கூட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று அந்த மண்டியிலிருந்து பத்துப் பெண்களை வேனில் ஏற்றிப் போனேன். அதில் அவளும் ஒருத்தி.

கொலைகாரனாக நடிக்கக் கண்ணனைத்தான் நான் முதலில் கொண்டுபோய் நிறுத்தினேன். ஜிம்முக்குப் போகிற உடம்பு. ஆனால் சாக்கும் அதே மண்டியில் வாங்கியது. மிளகாய்ச் சாக்கு. உதறிக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, போட்டுக்கொள்கிறவனுக்கும் தோன்றவில்லை. தலையில் மாட்டிய அரை நிமிஷத்தில் ஐயோ அம்மா என்று அலறிக்கொண்டு ஓடிப்போய்க் குட்டையில் விழுந்தான். அதோடு படமே வேண்டாம் என்று பஸ் ஏறிவிட்டான். டைரக்டர் என்னைப் பார்த்த பார்வையில் நானும் குட்டையில் விழுந்திருக்கலாம்.

கூட்டத்தில் நின்ற ஜெபமாலை வாய்விட்டுச் சிரித்தாள். “இதுக்கா சார் இந்தக் கூத்து? நாங்க தெனம் இதுக்குள்ளதானே குடும்பம் நடத்துறோம்” என்று சாக்கை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு பத்தடி நடந்தாள். ஒரு தும்மல் இல்லை. வேகமும் இல்லை. வெயிலில் மூட்டை சுமக்கிறவள் அவசரப்படாமல் வருகிற நடை. பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்குப் புல்லரித்துவிட்டது. டைரக்டர் மெதுவாக, “இதுதான்யா” என்றார்.

முதல் ஷாட்டில் அரிவாளோடு ஒரு வீட்டுக்குள் போக வேண்டும். போனாள், வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு. டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

“ஏம்மா, கொலை பண்ணப் போற. செருப்பக் கழட்டிட்டா போவ?”

“செருப்போட எப்படி சார் அடுத்தவுக வீட்டுக்குள்ள போறது? பொழங்குற வீடு சார்.”

பிலிம் ரோல் எண்ணி வாங்கியிருந்ததால் அப்படியே விட்டார்கள். தியேட்டரில் முதல் தடவை சிரித்தவர்கள், இரண்டாவது வீட்டு வாசலில் செருப்பைப் பார்த்ததும் கத்தினார்கள். அதற்குப் பிறகு அவள் மறந்தாலும் டைரக்டர் ஞாபகப்படுத்தினார்.

உள்ளே இருப்பது யார் என்று வெளியில் தெரிந்தால் பயம் போய்விடும் என்று டைரக்டர் எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருந்தார். முதல் இரண்டு படத்திலும் பெயர் வருகிற இடத்தில் மூன்று கேள்விக்குறிதான். ஜெபமாலையும் வீட்டில் ஷூட்டிங்குக்குச் சமைக்கப் போகிறேன் என்றே சொல்லிவந்தாள். மூன்றாவது படத்துக்கு ஜெகதாப்பட்டினத்தில் பத்து நாள் தங்க வேண்டியிருந்தபோதுதான் என்னிடம் வந்தாள்.

“மேனேசர் சார், இந்தப் படத்துல எம் பேரப் போட்டுருங்க. வேற ஒண்ணும் வேணாம். பத்து நாளு வெளியூருல தங்குறேன்னதும் ஊரு ஒரு மாதிரியாப் பேசுது. வீட்டுல அவுககிட்ட உள்ளதச் சொல்லிட்டேன், சாக்குக்குள்ள நாந்தான்னு. அவுக நம்பல. எழுத்துல பேரப் பாத்தா நம்பிருவாக.”

“போட்றலாம் ஜெபமாலை, அதுக்கென்ன” என்றேன்.

டைரக்டரும் சம்மதித்துவிட்டார். மேனேஜர் என்ற முறையில் டைட்டிலுக்குப் பெயர் எழுதிக் கொடுக்கிறவன் நான். எழுதுகிற அன்றைக்குப் பார்த்துப் பிரகதாம்பாள் ஆரம்பித்தாள். கண்ணனுக்கு அறந்தாங்கியில் பெண் பார்த்திருந்தார்கள். மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று பெண் வீட்டில் கேட்டிருக்கிறார்கள். “ஆரம்பத்துல அவந்தானேங்க நடிக்க வந்தான். ஒரு பேருதானே, அவனுக்குப் போட்டா கொறஞ்சா போயிருவீங்க?” என்றாள். காம்பு கிள்ளுகிறவளுக்குப் பெயர் எதற்கு என்று நானும்தான் நினைத்தேன். கண்ணன் என்று எழுதினேன். அந்த வைகாசியில் அவன் கல்யாணம் ஜாம் ஜாம் என்று நடந்தது.

ஜெபமாலை என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுச் சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நான் மண்டிப் பக்கம் போனால் எதிர் டீக்கடையோடு நின்றுகொள்வேன். அங்கிருந்து பார்த்தால் அவள் புருஷன் தைரியநாதன் தெரிவார். மூன்றாம் படம் வந்த வருஷமே கடலைச் சாகுபடியை விட்டுவிட்டு, மண்டிக்கு நேர் எதிரே டூவீலர் ஸ்டாண்டில் டோக்கன் கிழிக்க வந்துவிட்டார். காலையில் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வருவார்கள், சாயங்காலம் ஒரே பஸ்ஸில் போவார்கள். “புருஷன் பொண்டாட்டின்னா அப்படி இருக்கணும்” என்று பிரகதாம்பாளிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

சரி, கார்த்திகா கதைக்கு வருகிறேன்.

அவள் புதுக்கோட்டைக்கே வந்து பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தாள். முப்பது வயது இருக்கும். சிரிக்காத முகம். எதைச் சொன்னாலும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள், நான் டீ வேண்டாம் என்று சொன்னதையும் சேர்த்து. பதினேழு வருஷத்துக்கு முந்தி சாக்குக்குள் யார் இருந்தால் இவளுக்கு என்ன? எவனாவது இளவட்டத்துக்கு மாட்டிவிட்டு எடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்று நான் கண்கொத்திப் பாம்பாக இருந்தேன். அவளும் என்னை அப்படித்தான் பார்த்தாள்.

“நாந்தான் சாக்குமூஞ்சின்னு இதுவரைக்கும் அஞ்சு பேரு வந்துட்டாங்க சார்” என்றாள். “ஒருத்தர் மதுரையிலேர்ந்து சொந்தமா சாக்கு தச்சு எடுத்துட்டு வந்தாரு. அதனால எனக்கு யார் மேலயும் நம்பிக்கை இல்ல. தப்பா எடுத்துக்காதீங்க.”

கண்ணன் தலைக்கு டை அடித்துக்கொண்டு, புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்தான். கார்த்திகா ஒரு சாக்கை அவனிடம் நீட்டினாள். நான் தூரத்திலேயே வாசனை பிடித்துவிட்டேன். மிளகாய்ச் சாக்கு. செத்துப்போன டைரக்டர் ஏதோ ஒரு பேட்டியில், முதலில் போட்ட ஆள் தும்மிக்கொண்டே ஓடிவிட்டான், இரண்டாவது ஆள்தான் நிலைத்தது என்று சொல்லியிருக்கிறார். அதை இவள் தேடிப் படித்திருக்கிறாள்.

கண்ணன் மாட்டினான். நான் எண்ணினேன், பதினொரு தும்மல். கண்ணும் மூக்கும் ஒழுக, “பழக்கம் விட்டுப்போச்சு மேடம்” என்றான்.

அவள் லேப்டாப்பைத் திறந்து மூன்றாம் படத்தில் ஓர் இடத்தை நிறுத்திக் காட்டினாள். ஜெகதாப்பட்டினத்தில் எடுத்த வீடு. நிலைக்கு மேல் மாதா படம் மாட்டியிருக்கிறது. சாக்குமூஞ்சி வலது கால் செருப்பை முதலில் கழற்றி, கட்டைவிரலால் ஒதுக்கி, பிறகு இடது காலைக் கழற்றுகிறது. அப்புறம் அரிவாள் பிடித்த கை நெற்றியைப் பார்த்து மெதுவாகப் போகிறது, பாதியில் நின்று கீழே இறங்குகிறது. ஒரு நொடிகூட இருக்காது. நாங்கள் யாரும் அன்றைக்குப் பார்க்கவே இல்லை.

“இந்தக் கை எங்க போகுது கண்ணன் சார்?”

“அது... வெட்டறதுக்கு ஓங்குறது மேடம்.”

“வாசல்ல ஆளே இல்லையே, யார வெட்டறீங்க?” கண்ணன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். “நீங்க கிறிஸ்டியனா சார்?”

“இல்ல மேடம். எங்களுக்கு அய்யனார்தான்.”

கார்த்திகா லேப்டாப்பை மூடிவிட்டாள். கண்ணன் என்னை முறைத்துக்கொண்டே, “வரச்சொல்லி அசிங்கப்படுத்திட்டீங்களே மச்சான்” என்று படியிறங்கிப் போனான். நானும் எழுந்தேன்.

“டைட்டிலுக்கு லிஸ்ட் எழுதிக் குடுத்தது நீங்கதானே சார்?” என்று முதுகுக்குப் பின்னால் கேட்டாள்.

“ரொம்ப வருஷமாச்சு, ஞாபகம் இல்ல” என்று நடையைக் கட்டினேன்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இந்தப் பெண் சும்மா விடுகிற ரகம் இல்லை. எங்கே போகிறாள், யாரைப் பார்க்கிறாள் என்று என் பைக்கில் பின்னாலேயே போனேன். ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு இந்தப் பிழைப்பு. முதல் நாள் மாதா கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் பேசினாள். இரண்டாம் நாள் வாடகை ஸ்கூட்டரில் நேராக மார்க்கெட்டுக்குப் போனாள். மிளகாய்ச் சாக்கு, மிளகாய் மண்டி. சாக்கை வைத்தே மண்டியைப் பிடித்துவிட்டாள்.

வண்டியை அவள் நிறுத்தியது தைரியநாதன் ஸ்டாண்டில். அவர் டோக்கனைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, வழக்கம்போல மண்டி வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கார்த்திகா மண்டிக்குள் போக ரோட்டைக் கடந்தாள். ஓடிப்போய் அவளை மறித்தேன்.

“என்ன சார், ரெண்டு நாளா எம் பின்னாடியே வாரீங்க? கண்ணாடியில பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றாள்.

டீக்கடை ஓரத்தில் வைத்துச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், அறந்தாங்கிச் சம்பந்தம் உட்பட. அவள் நோட்டை எடுக்கவில்லை.

“அவங்க கேட்டது அந்த ஒண்ணுதானா?” என்றாள்.

“ஆமா.”

“ஞாயித்துக்கிழமை ஆவூர் போறோம். நீங்களும் வாரீங்க. வரலைன்னா நானே போய் உங்க பேரச் சொல்வேன்.”

பூசை முடிந்து ஜனங்கள் வீட்டுக்குத் திரும்புகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். கோயிலுக்குக் கட்டிய சேலையோடு ஜெபமாலை வாசலில் நின்றாள். முன்தலை நரைத்திருந்தது. உயரம் மட்டும் அப்படியே இருந்தது. உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

“என்ன மேனேசர் சார், இங்கிட்டு வர வழி தெரிஞ்சுருச்சா?” என்றாள். கார்த்திகாவை ஏற இறங்கப் பார்த்தாள். “இது யாரு? எதுலயும் கையெழுத்து வாங்க வந்திருந்தா அப்படியே திரும்பிருங்க.”

“அம்மா, நான் சாக்குமூஞ்சி நாலாவது பாகம் எடுக்கறேன். நீங்கதான் நடிக்கணும்” என்றாள் கார்த்திகா.

“நானு எங்கங்க நடிச்சேன்? டைட்டில்ல கண்ணன்னு போட்டிருக்கே, நீங்க பாக்கலையா?”

இதை அவள் எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை. வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த தைரியநாதனைப் பார்த்துச் சொன்னாள். அவர் எழுந்து வந்தார்.

நான் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, “அந்தப் பேர மாத்துனது நாந்தாங்க. சாக்குக்குள்ள இருந்தது உங்க சம்சாரந்தான். தப்பு எம் மேல” என்றேன். பெரிய பாரத்தை இறக்கிவிட்டதாக நினைத்து மூச்சுவிட்டேன்.

தைரியநாதன் என்னையே பார்த்தார். கோபமாகக்கூட இல்லை.

“பதினேழு வருசம் கழிச்சு வந்து சொல்றீங்களாக்கும். யாரு சொல்லிக் குடுத்தா?” என்றார். பிறகு மனைவியிடம் திரும்பினார். “இவுகள நீ வரச்சொன்னியா? பேசி வச்சுக்கிட்டு வந்திருக்கீகளா?” மறுபடி என்னிடம், “ஜெகதாப்பட்டினத்துல அந்தப் பத்து நாளும் நீங்களுந்தானே தங்கியிருந்தீங்க?”

எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அப்போதுதான் புரிந்தது, அந்த நாற்காலி ஏன் மண்டி வாசலைப் பார்த்துப் போட்டிருந்தது, ஏன் ஒரே பஸ் என்று. இதையா நான் பெண்டாட்டியிடம் மெச்சிக்கொண்டிருந்தேன்! பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று நின்றேன்.

“கேட்டீங்களா மேனேசர் சார்?” என்றாள் ஜெபமாலை. “இதத்தான் நா தெனம் கேக்குறேன். வாய்விட்டு ஒரு நாளும் கேட்டதில்ல அவுக. கண்ணுல கேப்பாக. பஸ்ஸுல பக்கத்துல ஒக்காந்துக்கிட்டு கேப்பாக.”

தைரியநாதன் தரையைப் பார்த்தார்.

அவள் வீட்டுப் பக்கவாட்டுக்குப் போய், விறகு மூட வைத்திருந்த மிளகாய்ச் சாக்கு ஒன்றை உருவி எடுத்து உதறினாள். எனக்கும் கார்த்திகாவுக்கும் தும்மல் வந்தது. “அந்தப் படத்த வச்சிருக்கீங்கல்ல? அவுக கையில குடுங்க” என்றாள். கார்த்திகா ஜெகதாப்பட்டினத்து வீட்டு வாசல் காட்சியைப் போனில் ஓடவிட்டு அவர் கையில் கொடுத்தாள்.

ஜெபமாலை சாக்கை மாட்டிக்கொண்டு வேப்பமரத்தடியிலிருந்து நடந்து வந்தாள். பட்டப்பகல். கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. எனக்கு அந்த மூன்று படமும் தலைகீழ்ப் பாடம், ஆனாலும் இரண்டடி பின்னால் போனேன். அதே நடை, அதே அவசரமில்லாமை. வாசலுக்கு வந்ததும் வலது கால் செருப்பு முதலில், கட்டைவிரலால் ஒரு ஒதுக்கு, பிறகு இடது கால். அவர்கள் வீட்டு நிலைக்கு மேலும் மாதா படம் இருந்தது. கை நெற்றிக்குப் போனது. இந்தத் தடவை கையில் அரிவாள் இல்லை, அதனால் பாதியில் நிற்கவில்லை. நெற்றி, நெஞ்சு, இரண்டு தோள் என்று முழுசாகச் சிலுவை போட்டுவிட்டு உள்ளே போனாள்.

தைரியநாதன் போனைப் பார்த்தார், வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார். முப்பது வருஷமாக அவள் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைவதைத் தினமும் பார்க்கிறவர் அவர். அவருக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

போனைக் கையில் பிடித்தபடியே, “தியேட்டர்லயே பாத்தேன்” என்றார். “இந்தச் செருப்பப் பாத்தேன். இந்தக் கையப் பாத்தேன். இவதான்னு நெஞ்சுக்குத் தெரிஞ்சுச்சு. இவ கையப் புடிச்சுக்கிட்டு கடைசி வரைக்கும் ஒக்காந்திருந்தேன், பேரு வரட்டும்னு. வேற ஒருத்தன் பேரு வந்துச்சு. எழுத்துல போட்டிருக்கானே, எழுத்து பொய் சொல்லுமான்னு கைய விட்டுட்டேன்.”

நான் எழுதிய எழுத்து அது. அது திரையில் நின்ற ஐந்து வினாடியில் ஒரு மனுஷன் தன் கண்ணைவிட என் எழுத்தை நம்பியிருக்கிறான். யாரையும் நம்பாதவன் என்று பீற்றிக்கொள்கிற என்னை நம்பிய ஒரே ஆள். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

ஜெபமாலை சாக்கைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தாள். அவள் அழவில்லை.

“பாத்துக்கிட்டீங்களா?” என்றாள் புருஷனிடம்.

“பாத்தேன் ஆத்தா.”

“அப்ப நாளையிலேர்ந்து நீங்க ஏழரை பஸ்ஸுல போங்க. நா எட்டேகாலு பஸ்ஸுல வாரேன். அந்த நாக்காலியத் திருப்பிப் போடுங்க.”

அவர் தலையை மட்டும் ஆட்டினார். ஜெபமாலை கார்த்திகாவிடம் திரும்பினாள். “நடிக்கிறேன். ஆனா எம் பேரு படம் ஆரம்பிக்கறப்பவே வரணும். கடைசியில போட்டா எல்லாம் எந்திரிச்சுப் போயிரும். லிஸ்ட்ட இந்தாளு எழுதக் கூடாது.”

“நானே எழுதறேன்மா. நீங்க பாத்துச் சரின்னு சொன்ன பெறகுதான் போகும்” என்றாள் கார்த்திகா. அன்றைக்குத்தான் அவள் சிரித்து நான் பார்த்தேன்.

நான் மெதுவாக நழுவப் பார்த்தேன். விடவில்லை ஜெபமாலை.

“மேனேசர் சார், நாளைக்குக் காலையில மண்டிக்கு வாரீங்க. டீக்கடையோட நின்னுக்கிற வேலையெல்லாம் வேணாம். பதினேழு வருசமா நீங்க அங்க நின்னு டீ குடிக்கிறத நா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். உள்ள வரணும். புருசங்காரன் காவலுக்கு ஒக்காந்திருக்கான்னு எல்லாருக்கும் தெரியும், எதுக்குன்னு அவுகவுக ஒரு கதை வச்சிருக்காக. இங்க சொன்னத அங்க சொல்லணும்.”

வீட்டுக்கு வந்து பிரகதாம்பாளிடம் சொன்னேன். கண்ணன் போர்டை இறக்க வேண்டியிருக்கும் என்றதும் குய்யோ முறையோ என்று கத்தினாள். பாதியில் அவளே நிறுத்திக்கொண்டு, “அந்த அம்மா என்னப் பத்தி ஏதும் சொன்னிச்சா?” என்று கேட்டாள். உன்னை அவளுக்குத் தெரியவே தெரியாது என்றேன்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு மண்டிக்குப் போனேன். எதிர் ஸ்டாண்டில் தைரியநாதனின் நாற்காலி ரோட்டைப் பார்க்கத் திரும்பியிருந்தது. அவர் டோக்கன் கிழித்துக்கொண்டிருந்தார், என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. எட்டேகால் பஸ்ஸில் வந்தவள் தனியாக உள்ளே போய்விட்டதாக டீக்கடைக்காரர் அதிசயமாகச் சொன்னார்.

உள்ளே சுவர்வரைக்கும் மிளகாய் கொட்டிக் கிடந்தது. நாற்பது பெண்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்து காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள். நுழைந்ததுமே எனக்குத் தொண்டை அடைத்தது, கண்ணில் நீர் கொட்டியது. “யாரு சார் வேணும்?” என்றாள் மணிமேகலை என்று ஒருத்தி. நான் ஜெபமாலையைப் பார்த்தேன். முதல் வரிசையில் இருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை, விரல் ஓடிக்கொண்டே இருந்தது.

“எம் பேரு ஆத்மநாதன்” என்று ஆரம்பித்தேன். தும்மல் வந்தது. “சாக்குமூஞ்சி படத்துல...” மறுபடி தும்மல். நாலு பேர் சிரித்தார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஜெகதாப்பட்டினம், பத்து நாள், அவள் கேட்ட ஒரு பெயர், நான் எழுதிக் கொடுத்த வேறு பெயர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லச் சொல்லச் சிரிப்பு நின்றுபோனது. கை வேலைகளும் நின்றன. கண்ணீர் மட்டும் எனக்கு நிற்கவில்லை. அது மிளகாயால் வந்ததா என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. எனக்கும் நிச்சயமாகச் சொல்ல வராது.

கடைசியில் குரல் உள்ளே போய்விட்டது. “தப்பு என்னுதுதான்” என்று முனகிவிட்டு, முடிந்தது என்று திரும்பினேன்.

மொத்த மண்டியிலும் ஜெபமாலையின் விரல் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. மிளகாயிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

“சத்தமாச் சொல்லுங்க சார். பின்னாடி இருக்கறவுகளுக்குக் கேக்கல.”